வேக்குவமா, சிசேரியனா?

தலைப்பிரசவம், 37 வாரம், சிங்கப்பூர் கேகே மருத்துவமனை. 'முக்கியும் வரவில்லை என்றால் நேராக சிசேரியன் என்று இப்போதே சொல்லிவிடலாமா' என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் சிஸ். கருப்பை வாய் 10 செ.மீ. திறந்து தலையும் நன்றாக இறங்கிவிட்டால், பெரும்பாலும் வேக்குவம்தான் (குழந்தையின் தலையில் உறிஞ்சு கிண்ணம் பொருத்தி வெளியே இழுப்பது) சீக்கிரம் முடியும். அந்த நிலையில் சிசேரியன் என்றால், இடுப்பெலும்புக்குள் சிக்கிய தலையை மேலே தூக்கி எடுக்க வேண்டும். கருப்பை கிழியவும் ரத்தம் கூடுதலாகப் போகவும் வாய்ப்பு அதிகம். தலை மேலேயே நின்றால் சிசேரியன்தான், அதில் பேச்சே இல்லை.

குழந்தையின் தலையில் கிண்ணம் பதிந்த வீக்கம் பெரும்பாலும் ஓரிரு நாளில் வடிந்துவிடும் (மாமியார் பயப்படுவது அதற்குத்தானே?). மஞ்சள் காமாலையை மட்டும் கவனியுங்கள். ஆயுதம் (இடுக்கி, அதாவது ஃபோர்செப்ஸ்) போட்டால் உங்களுக்குத்தான் கிழிசல் ஆழமாகலாம். மெடிசேவ் (சிங்கப்பூரின் மருத்துவச் சேமிப்புக் கணக்கு) வேக்குவம், சிசேரியன் இரண்டுக்கும் உண்டு. அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் இதைக் கேளுங்கள்: வேக்குவத்தை எத்தனை இழுப்போடு நிறுத்திவிட்டு சிசேரியனுக்கு ஆபரேஷன் தியேட்டருக்குப் போவீர்கள்?