அதிர்ஷ்டம் என்கிறீர்களே!

கேள்வி: விக்டோரியா மகாராணியின் ஆதரவில் வளர்ந்த ஆப்பிரிக்கப் பெண் சாரா ஃபோர்ப்ஸ் பொனெட்டா, கணவரோடு இருக்கும் பழைய போட்டோவைப் பார்த்தேன். அடிமையாகப் பிடிபட்டவர் கப்பலேறி ஊர் ஊராகப் போய், அரண்மனை வரை பழகியது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம்! ஆனால் முகத்தில் சிரிப்பே இல்லையே, ஏன்? - ஒரு வாசகி, கோவில்பட்டி

பதில்: அந்தக் காலத்தில் கேமரா முன்னால் யார்தான் சிரித்தார்கள்? மருந்து பூசிய ஈரக் கண்ணாடித் தகட்டில் படம் பதியும்வரை சில விநாடிகள் ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். சிரிப்பு அத்தனை நேரம் நிற்காது.

அதிர்ஷ்டம் என்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. 1848இல் மேற்கு ஆப்பிரிக்காவின் தஹோமி அரசுப் படை ஊரைச் சூறையாடியதில் அனாதையான சிறுமி அவள். 1850இல், அடிமை வியாபாரத்தை நிறுத்தும்படி பேசப் போன பிரிட்டிஷ் கடற்படைக் கேப்டன் ஃபோர்ப்ஸிடம் தஹோமி மன்னர் கெசோ அவளை விக்டோரியாவுக்குப் பரிசாகக் கொடுத்தார். கேப்டன் தன் பெயரையும், ‘பொனெட்டா’ என்ற தன் கப்பலின் பெயரையும் அவளுக்கு வைத்தார். இங்கிலாந்துக் குளிர் ஒத்துக்கொள்ளாது என்று 1851இல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஃப்ரீடவுன் நகரப் பள்ளிக்கு அனுப்பினார்கள். 1855இல் திரும்ப இங்கிலாந்து. பன்னிரண்டு வயதுக்குள் மூன்று கடல் பயணம், எல்லாம் பிறர் எடுத்த முடிவு.

வளர்ந்த பிறகாவது விட்டார்களா? வணிகர் ஜேம்ஸ் டேவிஸைக் கட்டிக்கொள் என்றார்கள். மாட்டேன் என்றார். இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் வயதான பெண்கள் இரண்டு பேரின் வீட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். அந்த வீட்டைப் பன்றித் தொழுவம் என்றே கடிதத்தில் எழுதினார் சாரா. பணத்துக்காக மன நிம்மதியை விற்க மாட்டேன் என்றும் எழுதினார். அப்படி எழுதிய பெண்ணுக்கு 1862 ஆகஸ்டில் அதே டேவிஸோடு பிரைட்டனில் கல்யாணம் நடந்தது. நீங்கள் பார்த்த படம் அதற்கு அடுத்த மாதம், லண்டனில் கமீல் சில்வி எடுத்தது. பத்தொன்பது வயதுப் பெண் எதற்காகச் சிரிக்க வேண்டும்? காசநோய்க்குக் காற்று மாற்றமாக மதேராத் தீவுக்குப் போய், 1880இல் அங்கேயே இறந்தார்.

சில்வியை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். படம் எடுத்துக்கொள்ள வந்தவர் பிரபுவோ சாதாரணரோ, ஒரு பிரதியைப் பேரேட்டில் ஒட்டிப் பெயரும் குறித்துவைத்தார். அந்தப் பேரேடுகள் லண்டன் தேசிய உருவப்பட அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நம் ஆட்களோ பழைய படம் கிடைத்தால் ஓரத்தை வெட்டி, கலர் அடித்து, ‘அரிய புகைப்படம்’ என்று போடுகிறார்கள். யார், எந்த ஊர், எடுத்தது யார், ஒன்றும் இருக்காது. இதைச் சொல்லிச் சொல்லிப் பல பேரிடம் பகை சம்பாதித்திருக்கிறேன், இனியும் சொல்வேன். இந்த இதழுக்குத் தாத்தா பாட்டி படங்களை அனுப்புகிறவர்கள் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்து அனுப்புங்கள். ஸ்டுடியோ முத்திரையும் பென்சில் குறிப்பும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.