ஒரே ஓர்க் கோப்பில் பைத்தன் 2-உம் 3-உம்

தம்பி, ஈமாக்ஸ் எடிட்டரில் எழுதும் ஓர்க் (Org) கோப்பில், பழைய பெரும்போகக் கணக்குக்கான நிரல் துண்டு மட்டும் பைத்தன் நிரல்மொழியின் 2-ஆம் பதிப்பில் ஓட வேண்டும், மற்றதெல்லாம் 3-இல், அதுதானே கேட்டீர்கள்? ஈமாக்ஸின் பொது அமைப்பில் கை வைக்க வேண்டாம், அது எல்லாத் துண்டுகளையும் மாற்றிவிடும். அந்த ஒரு துண்டின் தலைவரியில் முக்காற்புள்ளி போட்டு ஆங்கிலத்தில் பைத்தன் என்று (:python) எழுதி, பக்கத்தில் பழைய பதிப்பை இயக்கும் கட்டளையைக் கொடுத்தால் சரி.

செஷன், அதாவது துண்டு ஓடி முடிந்த பிறகும் மூடாமல் இருக்கும் பைத்தன், வைத்திருந்தால் கவனம். இரு பதிப்புத் துண்டுகளுக்கும் ஒரே செஷன் பெயர் என்றால் முதலில் திறந்த பதிப்பிலேயே எல்லாம் ஓடும், நானும் மட்டக்களப்பில் ஓர் இரவு முழுக்க, கரண்ட் வேறு போய்ப் போய் வர, இதில்தான் கிடந்தேன். சந்தேகமென்றால் 5-ஐ 2-ஆல் ஒற்றைச் சாய்கோட்டால் வகுத்துப் பாருங்கள், 2 வந்தால் பழையது, 2.5 வந்தால் புதியது.

பைத்தன் 2-க்கு 2020 ஜனவரி 1-ஓடு ஆதரவு நின்றுவிட்டது, கல்முனையில் அறுவடை வேலை முடிந்ததும் அந்தத் துண்டையும் 3-க்கு மாற்றிவிடுங்கள்.