வீட்டில் படுக மொழிதான் பேசுகிறோம். 3 வயதுக் குழந்தைக்குத் தமிழ்ப் புத்தகத்தை எப்படிப் படித்துக் காட்டுவது? (கோத்தகிரி, நீலகிரி)

முதல் வாரம் படிக்கவே வேண்டாம். மடியில் உட்கார வைத்துக்கொண்டு, படத்தைப் பற்றிப் படுக மொழியிலேயே பேசுங்கள். இந்த வயதில் சேர வேண்டியது சொற்களும், எதன்பின் எது நடந்தது என்று சொல்லும் பழக்கமும். அவை வீட்டு மொழியில் ஊன்றினால் பிறகு தமிழ் படிக்கும்போதும் கைகொடுக்கும். குழந்தை 'ஹாலு' என்றால், 'ஆமாம், சூடான ஹாலு' என்று ஒரு சொல் கூட்டித் திருப்பிச் சொல்லுங்கள்; பிறகு போகிறபோக்கில் 'தமிழில் பால்' எனலாம். 'தப்பு, பால்னு சொல்லு' என்று திருத்தினால் அடுத்த பக்கத்தில் வாயே திறக்காது.

பக்கத்துக்கு ஒரு கேள்வி போதும். 'இது என்ன?' என்பதைவிட 'இவன் ஏன் ஓடுகிறான்?' மேல். கேட்டுவிட்டு மனதுக்குள் ஐந்துவரை எண்ணுங்கள். பெரும்பாலோர் இரண்டிலேயே பொறுமையிழந்து பதிலைத் தாங்களே சொல்லிவிடுகிறார்கள்.

இரண்டாம் வாரம் அதே புத்தகம்தான் (சலிப்பு நமக்குத்தான், குழந்தைக்கு இல்லை). இப்போது தமிழ் வரியை அப்படியே படியுங்கள், விரலைச் சொல்லுக்கடியில் ஓட்டியபடி. எழுத்து எழுத்தாகத் தொட்டுக் காட்டாதீர்கள். 'தேன்' என்பதில் காதுக்கு முதலில் வருவது த். கண்ணுக்கு முதலில் வருவது கொம்பு. 3 வயதில் இது வெறும் குழப்பம், 5 வயதுக்குமேல் பார்த்துக்கொள்ளலாம். நாலைந்து நாள் கழித்து வரியின் கடைசிச் சொல்லை விழுங்கிவிட்டு நிறுத்துங்கள், குழந்தை முடித்து வைக்கும். பத்து நிமிடம் போதும். நடுவில் எழுந்து ஓடினால் விட்டுவிடுங்கள்.

பக்கத்துக்கு ஒரே வரி, நாலைந்து சொல் உள்ள புத்தகமாகப் பாருங்கள். பிரதம் புக்ஸ் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். நீங்களே ஒன்று செய்வது இன்னும் நல்லது: இரண்டு ஏ4 தாளை ஒன்றாக மடித்தால் 8 பக்கம். காட்டெருமை, கேரட் தோட்டம், தேயிலைக் கூடை என்று வரைந்து, கீழே படுகச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுங்கள். நடு மடிப்பில் மூன்று துளையிட்டுத் தடித்த நூலால் தையுங்கள். ஸ்டேப்ளர் பின் நம் ஊர் ஈரத்தில் துருவேறித் தாளையும் கறையாக்கிவிடும். மழைக்காலத்தில் புத்தகங்களைச் சுவரோரமோ மூடிய பெட்டியிலோ வைக்காமல் துணிப்பையில் போட்டு, அடுப்பங்கரைப் பக்கம் குழந்தைக்கு எட்டும் உயரத்தில் மாட்டுங்கள். அடுப்புக்கு மட்டும் தள்ளி.