பெர்மிட் யார் பெயரில் இருக்கும்?

கேள்வி: கேரளத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்களுக்கு 8 சென்ட் இருக்கிறது. 1,400 சதுர அடியில் வீடு கட்ட, பொள்ளாச்சி கான்டிராக்டர் ஒருவர் விலை பேசி முன்பணம் கேட்கிறார். இதுவரை அவர் ஒழுங்காகப் பஞ்சாயத்துப் பெர்மிட் வாங்கித்தான் கட்டியிருக்கிறாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: கான்டிராக்டர் பெயரைச் சொல்லிப் பஞ்சாயத்தில் கேட்டால் ஒன்றும் பெயராது. பெர்மிட் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். பிளானில் கையெழுத்துப் போடுவது பதிவு பெற்ற இன்ஜினியரோ சூப்பர்வைசரோ. கட்டுகிறவர் பெயர் கோப்பில் வராமலே போகலாம். அதனால் ஆளை விட்டுவிட்டு, அவர் கட்டிய வீடுகளைத் தேடுங்கள்.

கடைசி ஐந்து வருடத்தில் முடித்த மூன்று வீடுகளின் விலாசம் வாங்குங்கள். குறைந்தது இரண்டு வீடாவது கேரளத்துக்குள் இருக்கட்டும். அவரே கூட்டிப்போய்க் காட்டும் வீட்டோடு திரும்பிவிடாதீர்கள். அது எப்போதும் நல்ல வீடாகத்தான் இருக்கும்.

வீட்டுக்காரரிடம் பெர்மிட், பிளான், கட்டட வரி ரசீது மூன்றையும் காட்டச் சொல்லுங்கள். பெர்மிட் தேதிக்கு முன்பே அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டியிருந்தால், ‘பெர்மிட் அப்புறம் பார்த்துக்கலாம்’ என்கிற ஆள் அவர். ரசீதில் பஞ்சாயத்து தரும் கட்டட எண்ணோடு ‘யு.ஏ.’ என்று இருந்தால் அனுமதியில்லாக் கட்டடம் என்று அர்த்தம். வரியைக் கூட்டி வாங்கிக்கொள்வார்களே தவிர, அந்த எண்ணால் வீடு சட்டப்படி ஆகிவிடாது.

பிறகு டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போங்கள். கோளாறு பெரும்பாலும் அங்கேதான். பிளானில் பின்சுவருக்கும் மதிலுக்கும் நடுவே 2 மீட்டர் என்றிருக்கும். அளந்தால் ஒரு மீட்டர்கூடத் தேறாது. சமையலறையை ஒட்டிய வர்க் ஏரியாவை நீட்டிச் சுவர் வைத்திருப்பார்கள். கூலி சதுர அடிக் கணக்கு என்பதால் நீட்ட நீட்ட கான்டிராக்டருக்கு லாபம், வீட்டுக்காரருக்கும் அப்போது சந்தோஷம். வேலை முடிந்து பஞ்சாயத்து ஓவர்சியர் வந்து அளக்கும்போதுதான் கட்டட எண் கிடைக்காமல் நிற்கும். மூன்று வீட்டிலும் இதே கதை என்றால் உங்கள் வீட்டிலும் இதுதான் நடக்கும்.

காகிதம் காட்ட வீட்டுக்காரர் தயங்கினால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பஞ்சாயத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரத்துத் தமிழர்கள் தமிழிலேயே எழுதலாம். 1969ஆம் வருடத்துக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. ‘இந்த கான்டிராக்டர் எப்படிப்பட்டவர்?’ என்று கேட்டால் ‘தகவல் இல்லை’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். வார்டு எண், கதவு எண் அல்லது சர்வே எண் போட்டு, பெர்மிட் எண், தேதி, அனுமதித்த பரப்பு, வேலையை நிறுத்தச் சொல்லி ஸ்டாப் மெமோ கொடுத்திருந்தால் அதன் நகல், கட்டட எண் கொடுத்த தேதி என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பொள்ளாச்சிப் பக்கம் அவர் கட்டிய வீட்டில் நிறைவுச் சான்று இல்லை என்பதற்காக அவரைத் தள்ளிவிடாதீர்கள். தமிழ்நாட்டில் சிறு தனி வீடுகளுக்கு அது கட்டாயமில்லை. அங்கே திட்ட அனுமதியும் அளவும் பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள். ஆனால் கேரளத்தில் ஒரு வீடுகூட முடிக்காதவர் என்றால், பிளான் போட்டு பஞ்சாயத்து வேலையைப் பார்க்க இங்கே பதிவுள்ள இன்ஜினியரை நீங்களே தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இதில் சிக்கனம் வேண்டாம்.

ஒப்பந்தத்தில் கடைசித் தவணையைக் கட்டட எண் கிடைத்த பிறகு என்று எழுதுங்கள். ‘சாவி கொடுக்கும்போது’ என்று எழுதினால் அந்தப் பிடி போய்விடும்.

கேள்வி: ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு இருக்கிறது என்று சான்றிதழ் காட்டுகிறார். போதாதா?

பதில்: அது அவர் விற்பனைக்குக் கட்டும் திட்டத்துக்கான பதிவு. உங்கள் மண்ணில் உங்களுக்குக் கட்டும் வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கேள்வி: வில்லேஜ் ஆபீஸ் பதிவில் எங்கள் இடம் ‘நிலம்’, அதாவது நெல்வயல், என்று இருக்கிறது. ‘கட்டி முடித்தால் யார் கேட்கப்போகிறார்கள்’ என்கிறார் கான்டிராக்டர்.

பதில்: பெர்மிட் கேட்கும்போதே கேட்பார்கள். 2008ஆம் வருடத்து நெல்வயல் பாதுகாப்புச் சட்டப்படி அந்த இடம் டேட்டா பேங்க் என்கிற நெல்வயல் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் கிருஷி பவனில் (வேளாண் அலுவலகத்தில்) பாருங்கள். இருந்தால் நீக்கக் கோரிப் படிவம் 5. பட்டியலில் இல்லாமல் பதிவில் மட்டும் ‘நிலம்’ என்றிருந்தால் தன்மை மாற்றப் படிவம் 6. வருவாய்த் துறை உத்தரவு கைக்கு வரும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள். இப்படிப் பேசுகிற கான்டிராக்டரின் பழைய வீடுகள் நிற்கும் இடம் பதிவில் எந்த வகை என்பதையும் கூடவே கேட்டு வையுங்கள்.