லோடோடு தொப்பூர் கணவாய் மேட்டில் ஏறும்போது டிப்பரின் மீட்டர் இன்ஜின் தண்ணீர் 95 டிகிரி என்று காட்டுகிறது, இது சரியா? எந்தப் பாகம் எவ்வளவு சூடு இருக்க வேண்டும்?

கேட்டவர் கிருஷ்ணகிரிக்காரர், சேலம் பக்கமிருந்து லோடு ஏற்றி வருகிறவர். துறைமுகத்தில் படகு இன்ஜினுக்கு டெம்பரேச்சர் கன் (தொடாமலே சூட்டைப் படிக்கும் கருவி) வைத்து ஒவ்வொரு பாகமாகப் பார்ப்பது போல டிப்பருக்கும் பார்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

தாராளமாகப் பார்க்கலாம். படகில் இன்ஜின் தண்ணீரை ஆற்றுவது கடல் தண்ணீர், நம் வண்டியில் காற்று. கடல் தண்ணீர் வெளியே விழும் இடத்தில் 50, 55 டிகிரியைத் தாண்டினால் குழாய்க்குள் உப்பு படியும் என்பதால் அவர்கள் அந்த இடத்தைக் கவனிப்பார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை. மற்றபடி முறை ஒன்றுதான்: மீட்டர் காட்டும் ஒரு நம்பரை மட்டும் நம்பாமல், இரண்டு இடத்துக்கு நடுவில் எத்தனை டிகிரி வித்தியாசம் என்று பார்ப்பது.

மே மாத வெயிலில், ஃபுல் லோடில், மேடு ஏறும்போது 95 என்பது பயப்பட வேண்டிய சூடு இல்லை. சூடேறினதும் தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வுதான் தெர்மோஸ்டாட். 82 டிகிரி என்று பொறித்தது 82-ல் திறக்கத் தொடங்கி, முழுதாகத் திறக்கவே ஏறக்குறைய 95 ஆகும். சமதளத்துக்கு வந்த சில நிமிடத்தில் முள் 85-க்குப் பக்கத்தில் இறங்குகிறதா என்பதுதான் கேள்வி. இறங்காமல் அங்கேயே நின்றால் தேட வேண்டும்.

முதலில் ரேடியேட்டர் மூடி. கிருஷ்ணகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரம். திறந்த பாத்திரத்தில் வெறும் தண்ணீர் இங்கே 98 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், ஓசூரில் 97. 0.9 பார் மூடி உள்ளே அழுத்தத்தை ஒழுங்காகப் பிடித்தால் கொதிநிலை 118 வரை ஏறும். அந்த மூடியின் ரப்பர் வெடித்திருந்து, உள்ளே வெறும் தண்ணீரும் இருந்தால், உங்கள் 95-க்கும் கொதிப்புக்கும் நடுவில் மூன்றே டிகிரி! சின்னச் செலவுதான், சந்தேகம் வந்தாலே மாற்றிவிடுங்கள். சூடாக இருக்கும்போது மட்டும் திறக்காதீர்கள். அழுத்தம் விட்ட நொடியில் தண்ணீர் ஆவியாகி முகத்தில் அடிக்கும்.

கன் வைத்துப் பார்க்கும்போது பலர் ஏமாறுவது பளபளக்கும் அலுமினியத்தில். அங்கே கன் உண்மையான சூட்டைக் காட்டாது, ரொம்பக் குறைத்தே காட்டும். பார்க்கப்போகும் இடத்தில் மங்கலான கறுப்பு பெயின்ட் கொஞ்சம் அடித்துக் காயவிடுங்கள், அல்லது மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ரப்பர் ஹோஸின் மேல்பரப்பு உள்ளே ஓடும் தண்ணீரை விடச் சில டிகிரி குறைவாகவே காட்டும், ஆகவே தெர்மோஸ்டாட் ஹவுசிங், ரேடியேட்டர் கழுத்து போன்ற உலோக இடம் நல்லது. 12-க்கு 1 கன் என்றால் 60 சென்டிமீட்டர் தூரத்தில் 5 சென்டிமீட்டர் வட்டத்தின் சராசரியைப் படிக்கும். பக்கத்தில் போய்ப் பிடியுங்கள், ஆனால் சட்டைக் கையும் துண்டும் ஃபேனுக்கு எட்டக்கூடாது.

கணவாய்க்குள் வண்டியை நிறுத்தவே வேண்டாம். மேலே ஏறி முடித்து, ரோட்டை விட்டு ஒதுங்கின சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, இன்ஜினை அணைக்காமல் 1200 ஆர்பிஎம்மில் ஓடவிட்டு, இரண்டு நிமிடத்துக்குள் பார்த்துவிடுங்கள். மேல் ஹோஸ் பக்கம் 90 என்றால் கீழ் ஹோஸ் பக்கம் 80 முதல் 84 வரை இருக்கலாம். அதாவது 6 முதல் 10 டிகிரி வித்தியாசம்.

இரண்டும் கொதிக்கிற சூடு, வித்தியாசம் 2, 3 டிகிரிதான் என்றால் தண்ணீர் சுற்றுகிறது, ரேடியேட்டர் வழியே காற்று போகவில்லை. குவாரி வண்டியில் பெரும்பாலும் இதுதான். முன்னால் நின்று பார்த்தால் இன்டர்கூலர் (ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும், இன்ஜினுக்குள் போகும் காற்றை ஆற்றும் பாகம்) சுத்தமாகத்தான் தெரியும். அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் சந்தில் டார்ச் அடித்துப் பாருங்கள்: கிரானைட் தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து ஃபெல்ட் துணி மாதிரி படிந்திருக்கும். இன்ஜின் பக்கமிருந்து முன்பக்கமாக, ஃபின் என்ற மெல்லிய தகடுகளுக்கு நேராக, குறைந்த அழுத்தக் காற்றில் ஊதுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னைச் சாய்த்துப் பிடித்தால் ஃபின் மடங்கி, இருந்த வழியும் அடைபடும். ரேடியேட்டர் சுத்தம் என்றால் ஃபேனைச் சுழற்றும் ஃபேன் கிளட்ச்சைப் பாருங்கள்.

வித்தியாசம் 20-ஐத் தாண்டினால் தண்ணீர் ஓட்டம் குறைவு. ஃபேன் பெல்ட்டின் நீளமான பகுதியை, இன்ஜினை அணைத்துவிட்டு, கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 15 மில்லிமீட்டர் இறங்கலாம், அதற்கு மேல் என்றால் தளர்வு. வாட்டர் பம்புக்குக் கீழே இருக்கும் சின்ன ஓட்டையைச் சுற்றி காய்ந்த கூலன்ட் நிறக் கறை இருந்தால் சீல் போய்விட்டது. பிறகு ரேடியேட்டர் முகம் முழுக்க டெம்பரேச்சர் கன்னை மெதுவாக நகர்த்துங்கள். ஓரிடம் மட்டும் பக்கத்தை விட 10 டிகிரிக்கு மேல் குளிர்ந்திருந்தால் அங்கே டியூப் அடைப்பு. அடைப்புக்குக் காரணம் நம் போர் தண்ணீர். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஆழ்துளைத் தண்ணீரின் கடினத்தன்மை கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்தாலே தெரியும். அதே உப்பு, பிஸ்டன் ஓடும் இரும்பு உருளையான லைனரைச் சுற்றியும் படிகிறது, அது இரும்பைப் போல் வெப்பத்தைக் கடத்தாது. வழியில் நிரப்பத் தண்ணீர் வேண்டுமென்றால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு கேன் வண்டியிலேயே வையுங்கள். கூலன்ட் பாதி, தண்ணீர் பாதி. 25 லிட்டர் பிடிக்கும் வண்டிக்கு பன்னிரண்டரை லிட்டர் கூலன்ட். இங்கே தண்ணீர் உறையாதே, கூலன்ட் எதற்கு என்று ஊற்றாமல் விடுகிறார்கள். லைனரில் ஊசித்துளை விழாமல் காப்பது கூலன்ட்டில் உள்ள மருந்துதான்.

இன்ஜின் சூடு, மேல் ஹோஸ் மட்டும் ஆறிக் கிடக்கிறது என்றால் தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கியிருக்கிறது. கழற்றி எறிந்துவிட்டு ஓட்டும் பழக்கம் தயவுசெய்து வேண்டாம். பைபாஸ் வழி உள்ள இன்ஜினில் தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றும், மேட்டில் இன்னும் சூடேறும். கழற்றியதை ஒரு சட்டியில் தண்ணீரோடு அடுப்பில் வைத்து, தெர்மாமீட்டரும் போட்டுப் பாருங்கள். 82-ல் வாய் திறந்து 95-க்குள் 8 மில்லிமீட்டராவது உயர வேண்டும்.

இத்தனையும் சரி, இன்னும் சூடு என்றால், காலையில் ஆறின இன்ஜினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். தண்ணீரில் விடாமல் குமிழ் வந்தால், இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டது. மூடி போட்டிருக்கும்போது ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகுவதும் அதே அடையாளம். கேஸ்கட்டை மாற்றும் வரை வண்டியை லோடுக்கு அனுப்பாதீர்கள், ஹெட் வளைந்துவிடும்.