பச்சைச் சூரியனும் பிட்டுக்கு மண் சுமந்தவரும்: வாசகர் கேள்வி பதில்

பேய்க்கதை, மாயக்கதை, அறிவியல் புனைகதை பற்றி இந்த மாதம் வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருந்ததால் எல்லாருக்கும் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

*

கேள்வி: அக்கா, எங்கள் கல்லூரி இதழில் ஒரு மாயக்கதை நாவலுக்கு விமர்சனம் எழுதினேன். "சில இடங்கள் நம்பும்படி இல்லை" என்று சொல்லியிருந்தேன். "டிராகன் பறக்கிற கதையில் நம்பும்படி என்ன வேண்டியிருக்கு?" என்று தோழிகள் கேட்கிறார்கள். நான் எழுதியது தவறா? (கல்லூரி மாணவி, திருமங்கலம்)

பதில்: தவறே இல்லை, தங்கச்சி. டிராகன் தாராளமாகப் பறக்கட்டும். தண்ணீர் பட்டால் செத்துவிடும் என்று இரண்டாம் அத்தியாயத்தில் சொன்ன டிராகன், இருபதாம் அத்தியாயத்தில் ஆற்றில் முங்கி எழுந்து நாயகனைத் தூக்கிக்கொண்டு போனால் நாம் கேட்கத்தான் வேண்டும்.

'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீன் 1939இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் தேவதைக் கதைகளைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். பிறகு அதை விரித்துக் கட்டுரையாக்கினார். 'பச்சைச் சூரியன்' என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம், அந்தப் பச்சைச் சூரியன் இயல்பாகத் தெரிகிற ஓர் உலகத்தை உண்டாக்கத்தான் உழைப்பும் யோசனையும் வேண்டும் என்பது அதில் அவர் சொல்லும் முக்கியமான விஷயம். நான் ஒரு மாயக்கதையைக் கையில் எடுத்தால் முதலில் பார்ப்பது இதைத்தான்.

நமக்கு இது புதுசும் இல்லை. சிலப்பதிகாரத்தில் மதுரை எரிகிற இடத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். கண்ணகி தீக்குக் கட்டளை போடுகிறாள்: பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்கள், முதியவர்கள், குழந்தைகள் இவர்களை விட்டுவிட்டுத் தீயவர்கள் பக்கம் போ என்கிறாள். ஒரு பெண் தன் மார்பைத் திருகி எறிந்து நகரம் எரிந்தது என்பதற்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. அந்தத் தீ எங்கே போகும், எங்கே போகாது என்பது நமக்குத் தெரிந்துவிட்டது, அதனால் நம்புகிறோம். அப்புறம் மதுராபதித் தெய்வம் வருகிறது. அவள் முன்னால் வந்து நிற்காமல் பின்பக்கமாக வந்து பேசுகிறது. ஊரைக் காக்கிற தெய்வமே முகத்துக்கு நேரே நிற்கவில்லை என்றால் கண்ணகியின் கோபம் எப்படிப்பட்டது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

பிட்டுக்கு மண் சுமந்த கதையிலும் இதே திறமை இருக்கிறது. வைகையில் வெள்ளம். கரையை அடைக்க வீட்டுக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்துவிட்டார்கள். வந்திக் கிழவிக்கு ஆள் இல்லை. கூலிக்கு வந்தவரிடம் உதிர்ந்த பிட்டுத்தான் கூலி என்று பேச்சு. இவ்வளவும் நம் தெருவில் நடக்கக்கூடிய விவகாரம். கடைசியில் பாண்டியன் பிரம்பால் ஓங்கி அடிக்க, அந்த அடி அவன் முதுகு உட்பட எல்லார் முதுகிலும் விழுகிறது. வந்தவர் யார் என்று கதை அந்த அடியால்தான் சொல்கிறது. மாயம் கடைசியில் ஒரே ஒரு இடத்தில் நடக்கிறது, அதற்கு முன்னால் பங்கு, கூலி, பிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது. ஆவணியில் பிட்டுத்தோப்பில் திருவிழா பார்க்கும்போதெல்லாம் இந்தக் கதையைக் கட்டியவரின் கைத்திறனை நினைத்துக்கொள்வேன்.

ஒன்று மட்டும் சொல்லுகிறேன். 'நம்பும்படி இல்லை' என்பதோடு நிறுத்தாதீர்கள். எந்த இடத்தில், கதை தானே சொன்ன எந்த விதியை மீறுகிறது என்று எழுதிக் காட்டுங்கள். அதை எழுதிவிட்டால் உங்கள் தோழிகளுக்கும் விளங்கும், எழுதியவருக்கும் உதவும்.

*

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பு. எந்நேரமும் பேய்க்கதைதான். படிப்பும் மனசும் கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. (ஒரு தாய், மேலூர்)

பதில்: படிக்கட்டும், அம்மா. தூக்கம் கெடுகிறதா, தனியாக இருக்கப் பயப்படுகிறானா என்று மட்டும் கவனியுங்கள். அப்படி இருந்தால் சில நாள் நிறுத்தச் சொல்லுங்கள். இல்லையென்றால் அவன் முடித்த புத்தகத்தை நீங்களும் வாங்கிப் படித்துவிட்டு, "எந்த இடத்துல பயந்த?" என்று கேளுங்கள். நான் பார்த்த பிள்ளைகள் எல்லாம் அந்தக் கேள்விக்கு அரை மணி நேரம் பதில் சொல்வார்கள். நத்தம் ரோட்டில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போங்கள். அவனே அலமாரி அலமாரியாகத் தேடி எடுக்கட்டும்.

*

கேள்வி: பேய்க்கதை என்பதே வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த சரக்குதானே? தமிழில் ஏது அந்த மரபு? (சோழவந்தான்)

பதில்: இதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது, ஐயா. காரைக்கால் அம்மையாரின் திருவாலங்காட்டுப் பதிகத்தைப் படித்துப் பாருங்கள். வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழிந்த வயிறு, சிவந்த முடி, நீண்ட பல் என்று ஒரு பெண்பேயைச் சுடுகாட்டில் நம் கண்முன்னே நிறுத்துகிறார். தன்னையே பேய் என்று சொல்லிக்கொண்டு அந்தக் கூட்டத்துக்குள் நின்று பாடுகிறார். கலிங்கத்துப் பரணியில் செயங்கொண்டார் போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு பேய்கள் கூழ் சமைப்பதை அடுப்பு மூட்டுவதிலிருந்து பந்தி பரிமாறுவது வரை விவரமாக எழுதியிருக்கிறார். சிறுகதை என்ற வடிவம் அச்சுப் பத்திரிகையோடு வெளியிலிருந்து வந்தது, அது சரி. பேய் இங்கேயே இருந்தது. இரண்டும் சேர்ந்ததற்குப் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யைப் படியுங்கள். வீட்டுக்கு வேலைக்கு வந்த பெண் யார் என்று அந்தக் கதை கடைசிவரை அடித்துச் சொல்வதில்லை. 1940களில் வந்த கதை, இன்றைக்கும் ராத்திரியில் தனியாக உட்கார்ந்து படிக்க எனக்குத் துணிச்சல் வருவதில்லை.

*

கேள்வி: இப்போது வரும் திகில் கதைகளில் ரத்தமும் அலறலும் நிறைய இருக்கின்றன, பயம் மட்டும் வரவில்லை. ஏன்? (செக்கானூரணி)

பதில்: எல்லாவற்றையும் காட்டிவிடுகிறார்கள், அதனால்தான். அழகர்கோவிலுக்குப் போயிருப்பீர்கள். பதினெட்டாம்படிக் கருப்பசாமி சன்னிதியில் கும்பிடுவதற்குச் சிலை இல்லை. பூட்டிய பெரிய கதவு, அதன் மேல் பூசிய சந்தனம், அவ்வளவுதான். அழகரின் சக்தியைத் திருட மலையாள நாட்டிலிருந்து வந்த மந்திரவாதிகள் அந்தப் படிகளுக்குக் கீழே புதைக்கப்பட்டார்கள் என்று கதை சொல்லுவார்கள். வாய்க்கால் தகராறிலிருந்து பணத் தகராறு வரை எத்தனையோ பேர் அந்தக் கதவுக்கு முன்னால் சத்தியம் செய்திருக்கிறார்கள். பொய்ச் சத்தியம் செய்ய வாய் வராது. கதவைத் திறந்து உள்ளே இருப்பதைக் காட்டிவிட்டால் அந்தப் பயம் இருக்குமா?

வாடிப்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் முனி போகிற தடம் என்று ஒன்று உண்டு. அந்தத் தடத்தில் யாரும் வாசல் வைத்து வீடு கட்ட மாட்டார்கள். என் அப்பத்தா எத்தனையோ தடவை முனியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார், முகம் எப்படி இருக்கும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. "நாயெல்லாம் ஒரே பக்கம் பாத்துக் குலைக்கும், அப்புறம் சட்டுனு அடங்கிரும்" என்பார். அடங்கிய பிறகு என்ன நடக்கும் என்று கேட்டால் போர்வையை இழுத்துவிட்டுத் தூங்கச் சொல்லிவிடுவார். திகில் கதை எழுதுகிறவர்கள் அந்த நாய்களை எழுதட்டும். விமர்சனம் எழுதுகிறவர்களும் பயம் வந்ததா இல்லையா என்று மட்டும் சொல்லாமல், எந்த வரியில் வந்தது, எந்த வரியில் போனது என்று தேடிச் சொல்ல வேண்டும்.

*

கேள்வி: எங்கள் நாகமலையை வைத்தே ஒரு மாயக்கதை நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். திருவிளையாடலில் வரும் மாய நாகம்தான் வில்லன். யானைமலையும் பசுமலையும் வருகின்றன. எதில் கவனமாக இருக்க வேண்டும்? (நாகமலைப் புதுக்கோட்டை)

பதில்: அருமையான களம், தம்பி. ஊரைச் சுற்றியிருக்கிற மலைகள் எல்லாம் ஒரு காலத்தில் ஊரை அழிக்க வந்த பூதங்கள் என்று சொல்லுகிற கதை எந்த நகரத்துக்கு இப்படிச் சுலபமாகக் கிடைக்கும்? பேருந்து ஜன்னலிலிருந்து பார்த்தாலே யானை படுத்திருப்பது தெரிகிறதே.

கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. பரஞ்சோதி முனிவர் பாடிய திருவிளையாடற் புராணத்தில் அந்த யானையையும் நாகத்தையும் மாயப் பசுவையும் ஏவுகிறவர்கள் சமணர்கள். சைவம் சொன்ன கதை அது. உங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் கீழக்குயில்குடிச் சமணர் மலை இருக்கிறது. தாமரைக்குளத்தைத் தாண்டி, அய்யனார் கோவில் பக்கமாகப் படியேறிப் பேச்சிப்பள்ளத்துக்குப் போங்கள். சமணர்கள் வணங்கும் தீர்த்தங்கரர்கள் பாறையில் வரிசையாக இருக்கிறார்கள், கீழே பழைய தமிழ் எழுத்தான வட்டெழுத்து வெட்டியிருக்கிறது. யானைமலையிலும் சமணச் சிற்பங்கள் உண்டு. பூதத்தை ஏவினார்கள் என்று கதை யாரைச் சொல்கிறதோ, அவர்கள் அதே மலைகளில் உட்கார்ந்து தவம் செய்திருக்கிறார்கள், பாடம் சொல்லியிருக்கிறார்கள்.

நாகம் வில்லனாகவே இருக்கட்டும், அது உங்கள் உரிமை. அந்த நாகத்தை வில்லன் என்று முதலில் சொன்னது யார், அவருக்கு அதில் என்ன லாபம் என்ற கேள்வி உங்கள் நாவலுக்குள் எங்காவது ஒரு பாத்திரத்தின் வாயிலிருந்து வரட்டும். மாயக்கதைகளை விமர்சிக்கும்போது நான் விடாமல் கேட்கிற கேள்வி இது. அரக்கர் என்று ஒரு கூட்டத்தை நிறுத்திவிட்டால் அவர்களை எத்தனை பேர் வேண்டுமானாலும் கொல்லலாம் என்று கதை அனுமதி கொடுத்துவிடுகிறது. அந்த அனுமதியை யோசிக்காமல் கொடுத்த நாவல் எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் எனக்கு மனசு ஒப்புவதில்லை. எழுதுவதற்கு முன்னால் ஒருநாள் காலையில் மலையேறிவிட்டு வாருங்கள்.

*

கேள்வி: ஒரே புத்தகத்தை ஒருவர் தலையில் தூக்கி வைக்கிறார், இன்னொருவர் குப்பை என்கிறார். யாரை நம்புவது? (அண்ணாநகர், மதுரை)

பதில்: காரணம் சொல்லுகிறவரை நம்புங்கள். 1818இல், ஒரு விஞ்ஞானி உயிர் கொடுத்த உருவத்தைப் பற்றிய 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவல் வெளிவந்தபோது அட்டையில் ஆசிரியர் பெயரே இல்லை. எழுதியது மேரி ஷெல்லி, அப்போது அவருக்கு வயது 20. லண்டனின் 'குவாட்டர்லி ரிவ்யூ' அதை அருவருப்பான அபத்தம் என்று தள்ளிவிட்டது. அதே ஆண்டு எழுத்தாளர் வால்டர் ஸ்காட் எடின்பரோவின் 'பிளாக்வுட்ஸ்' இதழில் நீண்ட மதிப்புரை எழுதினார். நூலாசிரியர் யார் என்பதில் அவர் ஏமாந்துபோனார், மேரியின் கணவர் பெர்சி ஷெல்லி எழுதியது என்று நினைத்துவிட்டார். கதையை அவர் வாசித்த விதம் மட்டும் இன்றைக்கும் பாடம். நடக்கவே முடியாத ஒன்று நடந்துவிட்டால் நம்மைப் போன்ற மனிதர்கள் என்ன நினைப்பார்கள், என்ன செய்வார்கள் என்று பார்ப்பதுதான் இந்த வகைக் கதையின் பயன் என்றார். இரண்டு பேரும் படித்தது ஒரே புத்தகம். ஒருவர் எழுதியதைப் படித்தால் நூலின் மேல் அவருக்கு இருந்த வெறுப்பு தெரிகிறது. ஸ்காட் எழுதியதைப் படித்தால் இந்த வகைக் கதையை எப்படி வாசிப்பது என்று தெரிகிறது.

*

கேள்வி: விமர்சனத்தில் கதையின் முடிவைச் சொல்லலாமா? (உசிலம்பட்டி)

பதில்: புதுப் புத்தகம் என்றால் பாதிக்கு மேல் போகாதீர்கள். திகில் கதையென்றால் இன்னும் முன்னாலேயே நிறுத்துங்கள். வந்து 50 வருஷமான கதை என்றால் தாராளமாகச் சொல்லலாம், முடிவைப் பேசாமல் அதை அலசவே முடியாது.

*

கேள்வி: நண்பர் ஒருவர் சொந்தக் காசைப் போட்டு அறிவியல் புனைகதைத் தொகுப்பு கொண்டுவந்திருக்கிறார். பாதிக் கதைகள் எனக்குப் பிடிக்கவில்லை. மதிப்புரை எழுதித் தரச் சொல்கிறார். (திருப்பரங்குன்றம்)

பதில்: பிடித்த பாதியைப் பற்றி மதிப்புரை எழுதுங்கள், அந்தக் கதைகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். பிடிக்காத கதைகளுக்கு நான்கு பக்கத்தில் தனிக் கடிதம் எழுதி அவர் கையில் கொடுங்கள். ஒவ்வொரு கதைக்கும் எந்த விதி எங்கே உடைந்தது, எந்த இடத்தில் உங்கள் கவனம் போய்விட்டது என்று குறித்துக் கொடுங்கள். சொந்தக் காசு போட்டவருக்கு அடுத்த தொகுப்பில் அந்தக் கடிதம்தான் உதவும். அதைப் படித்துவிட்டு அவர் கோபப்பட்டால் இரண்டு வாரம் விட்டுவிட்டு, நேரில் போய்ப் பேசுங்கள்.