சிடி கேஸ் பின் அட்டை: ஸ்பைன் எழுத்து பின்பக்கம் வந்துவிடுகிறது என்ற கேள்விக்கு

டிசைனில் தப்பு இல்லை. பிரிண்ட் சிறுத்து வந்திருக்கிறது. பின் அட்டையின் விரித்த அளவு 151 × 118 மி.மீ. (நடுவில் பின்பக்கம் 138, இருபுறமும் கேஸின் ஓரத்தில் மடியும் ஸ்பைன் பட்டை 6.5). அச்சான அட்டையில் நீங்கள் அளந்த அகலம் 146.5 என்றால் கிட்டத்தட்ட 97 சதவீதம். பிடிஎஃப் அச்சிடும்போது 'ஃபிட்' (தாளுக்குள் அடங்கும்படி சுருக்குவது) தேர்வாகியிருக்கும். நடுப்பகுதி 134க்குச் சுருங்கியதால், கேஸின் ஓரத்தில் மடிக்கும்போது ஸ்பைனில் பக்கத்துக்கு 2 மி.மீ. பின்பக்கம் ஏறிவிடுகிறது.

டிசைனுக்கு வெளியே, தாளின் ஓரத்தில் 100 மி.மீ. கோடு ஒன்று போடுங்கள். பாரிமுனைக் கடையில் முதலில் சாதாரணத் தாளில் ஒரு பிரதி, 'ஆக்சுவல் சைஸ்' என்று சொல்லி எடுங்கள். ஸ்கேலில் 100 வந்தால் மட்டும் ஆர்ட் பேப்பருக்குப் போங்கள்.

கோடு சரியாக இருந்தும் எழுத்து நகர்ந்தால், தாள் தடிமன் காரணமாக இருக்கலாம். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற எடை அளவு) அட்டை இந்தக் குறுகிய மடிப்புக்கு ஆகாது, மடிப்பில் மை வெடித்து வெள்ளை தெரியும். 170 போதும். ஸ்பைன் எழுத்தை 4 மி.மீ. உயரத்துக்குள் வையுங்கள். எழுத்தின் தலை இரண்டு பக்கமும் வெளி விளிம்பைப் பார்க்க வேண்டும். பலர் இதில்தான் தலைகீழாக்குகிறார்கள்.

பிளீட் (வெட்டும்போது வெள்ளை தெரியாமல் இருக்க டிசைனை ஓரத்துக்கு வெளியே நீட்டுவது) நான்கு பக்கமும் 3 மி.மீ. சேர்த்தால் ஃபைல் 157 × 124. உங்கள் அட்டையில் உள்ள காசிமேடு இரவுப் படத்தை சிஎம்ஒய்கே-வுக்கு (அச்சு மையின் நான்கு நிற முறை) மாற்றிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள், திரையில் இருக்கும் அந்த நீலம் அச்சில் மங்கும். நல்ல படம், அதைக் கெடுக்க வேண்டாம்.

இந்த அளவுகள் சாதாரண ஜுவல் கேஸுக்கு மட்டும். ஸ்லிம் கேஸில் பின் அட்டையே கிடையாது. டிஜிபேக் (அட்டையால் ஆன மடிப்பு உறை) என்றால் அச்சகத்தின் டெம்ப்ளேட்டை வாங்கி அதன் மேல் வேலை செய்யுங்கள்.